ராமநாதபுரம் கரையும் பௌத்தமும்: கடல் கடந்த ஒரு சமயத்தின் தடம்

தையிட்டி விகாரை, குருந்தூர்மலை என்று வட இலங்கைத் தமிழர் பகுதிகளின் பௌத்தத் தலங்களைப் பற்றிய சர்ச்சை அடிபடும்போதெல்லாம் இந்தப் பக்கக் கரையிலும் விவாதம் சூடு பிடிக்கிறது. பொதுவாக இரண்டு கட்சி. பௌத்தம் சிங்களவருடைய மதம், தமிழனுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பது ஒரு கட்சி. நம் பக்கத்துக் கோயில்களில் பாதி பழைய விகாரைதான், பிற்காலத்தில் மாற்றிவிட்டார்கள் என்பது மறு கட்சி. முதல் கட்சி கல்வெட்டுகளோடு நேரடியாக மோதுகிறது. இரண்டாவதற்கு இந்தக் கரையில் எடுத்துக்காட்டச் சான்று இல்லை.

நடந்தது வேறு. ராமநாதபுரம் கரையில் பௌத்தம் ஊன்றிக் குடியிருந்ததைவிடக் கடந்துபோனதுதான் அதிகம். அதைச் சுமந்தவர்கள் வணிகர்களும் கப்பல்காரர்களும். வணிகம் கை மாறியபோது கரையின் சமயமும் மாறியது. தமிழர் ஒரு பக்கம், பௌத்தர் ஒரு பக்கம் என்ற பிரிவு இதற்கெல்லாம் வெகு பின்னால் வந்தது. அதில் ஒரு முக்கியமான கட்டம் பாம்பன் தீவிலேயே நடந்தது.

புத்தர் சொன்னது என்ன

சித்தார்த்த கௌதமர் வாழ்ந்தது கி.மு. 5ஆம் நூற்றாண்டு வாக்கில். பிறந்தது இன்றைய நேபாளத்து லும்பினி. ஞானம் பெற்றது புத்தகயை, முதல் போதனை காசிக்குப் பக்கத்துச் சாரநாத், மறைந்தது குசிநகரம். நான்கு ஊருக்கும் கடல் கிடையாது. அங்கே பிறந்த சமயம் ஆசியாவின் பாதித் துறைமுகங்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் விளக்க வேண்டிய விஷயம்.

போதனையின் நடுக்கூறு நான்கு உண்மைகள்: துன்பம் உண்டு, அதற்குக் காரணம் உண்டு, அது நீங்கும், நீங்குவதற்கு வழி உண்டு. மணிமேகலை இதை நாலே வரியில் முடித்துவிடுகிறது:

பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம்
பிறவார் உறுவது பெரும்பேர் இன்பம்
பற்றின் வருவது முன்னது பின்னது
அற்றோர் உறுவது அறிக

நீங்கும் வழி எட்டு உறுப்புகள் கொண்டது. பார்வை, எண்ணம், பேச்சு, செயல், பிழைப்பு, முயற்சி, விழிப்பு, மன ஒருமை ஆகிய எட்டும் நேராக இருக்க வேண்டும். இதில் பிழைப்பு என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஆயுதம், உயிர்கள், இறைச்சி, கள், நஞ்சு ஆகிய ஐந்தையும் விற்றுப் பிழைக்கக் கூடாது என்று இல்லறத்தாருக்கே புத்தர் சொன்னதாகப் பாலி நூல்கள் சொல்கின்றன. மீன்பாடே சோறு போடும் கரையில் இந்த விதி எப்படி எடுபட்டிருக்கும்? வலைக்காரர்களைவிட வணிகர்களிடம்தான் பௌத்தம் எளிதாக ஒட்டியிருக்கும் என்று நினைக்க இது ஒரு காரணம்.

இன்னொரு கூறு, நிலையான ஆன்மா என்று ஒன்றை பௌத்தம் ஏற்பதில்லை. ஆனால் மறுபிறப்பை ஏற்கிறது. உயிர் இல்லாமல் எது மறுபடி பிறக்கிறது என்று மற்றச் சமயத்தார் எல்லோரும் கேட்ட கேள்விக்கு, சங்கிலித்தொடராக ஒன்றிலிருந்து ஒன்று எழுகிறது என்பது பதில். பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்று இந்தப் பன்னிரண்டையும் மணிமேகலை தமிழில் வரிசைப்படுத்துகிறது.

இனி வரும் பகுதிகளுக்குத் தேவையான சொற்கள்:

1. சங்கம்: பிக்குகள், பிக்குணிகளின் அமைப்பு. புத்தர், தர்மம், சங்கம் மூன்றும் சேர்ந்தது மும்மணி.
2. விகாரை: துறவிகள் தங்கும் மடம்.
3. தூபி: புத்தரின் எலும்பு, பல் போன்ற தாதுவையோ அவரோடு தொடர்புள்ள பொருளையோ உள்ளே வைத்துக் கட்டிய கவிழ்ந்த கிண்ண வடிவ மேடு.
4. தேரவாதம்: பாலி நூல்களை முதன்மையாகக் கொண்ட மரபு. இலங்கை, மியன்மார், தாய்லாந்து, கம்போடியா இந்த வழி.
5. மகாயானம்: போதிசத்துவர் (புத்தராகப் போகிறவர்) வழிபாடும் சமஸ்கிருத நூல்களும் கொண்ட மரபு. சீனா, கொரியா, ஜப்பான் இந்த வழி. திபெத்தின் வஜ்ரயானம் இதிலிருந்து கிளைத்தது.

காஞ்சியிலும் நாகப்பட்டினத்திலும் இரண்டு மரபுமே இருந்தன. இலங்கையிலும் அப்படித்தான். அனுராதபுரத்து மகாவிகாரை தேரவாதத்தின் கோட்டையாக இருக்க, அபயகிரி விகாரை மகாயானத்துக்கும் இடம் கொடுத்தது.

சோறு யார் போடுவது

பௌத்தம் ஏன் வணிகர்களோடு போனது என்பதற்கு விடை பிக்குவின் பாத்திரத்தில் இருக்கிறது.

1. பிக்கு உழக் கூடாது, சமைக்கக் கூடாது, நாளைக்கென்று சேர்த்து வைக்கவும் கூடாது. பிச்சையேற்றுத்தான் உண்ண வேண்டும். ஆகவே உபரி இருக்கும் இடத்தில்தான் சங்கம் நிலைக்கும்.
2. விகாரையும் தூபியும் கட்டப் பெரும்பணம் வேண்டும். அரசன் கொடுக்கலாம், அல்லது வணிகக் குழு கொடுக்கலாம். புத்தர் ஞானம் பெற்றதும் அவருக்கு முதலில் உணவு கொடுத்து அடியார்களானவர்கள் தபுஸ்ஸர், பல்லிகர் என்ற இரண்டு வணிகர்கள் என்பது மரபு.
3. கடல் கடப்பதைப் போதாயன தர்மசூத்திரம் சாதிநீக்கத்துக்குரிய குற்றங்களில் வைத்தது. பௌத்தத்தில் அந்தத் தடை இல்லை. தடை இல்லாதது மட்டுமா, கடலில் தத்தளிப்பவரைக் காப்பாற்ற ஒரு தெய்வமே இருந்தது. புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் பாலி ஜாதகக் கதைகளில் வரும் மணிமேகலா தெய்வத்தின் வேலையே அதுதான். கப்பல் உடைந்து கடலில் கிடந்த கோவலனின் முன்னோர் ஒருவரை இந்தத் தெய்வம் காப்பாற்றியதால்தான் மாதவியின் மகளுக்கு அந்தப் பேர் வந்தது. தாய்லாந்திலும் கம்போடியாவிலும் இன்றைக்கும் மேகலா என்ற பேரில் அவள் இருக்கிறாள். மின்னல் அவள் கையிலுள்ள மணி என்பார்கள்.

ஆக, துறவிக்கு வணிகன் தேவை. வணிகனுக்குப் போகிற துறையில் எல்லாம் தங்க இடமும் அறிமுகமும் தரும் விகாரை தேவை. இந்த உறவு அறுந்தால் பௌத்தம் அந்த ஊரில் தாங்காது. கிராமத்தில் வேர்விட்ட சமயங்களுக்கு இந்தப் பலவீனம் கிடையாது.

இரண்டு கடல் உள்ள கரை

இப்போது நிலப்படத்துக்கு வருவோம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். நடுவே மணல்திட்டுகள், ஆழம் மிகக் குறைவு. பெரிய மரக்கலங்கள் இந்தத் திட்டுகளைத் தாண்டுவது கஷ்டம். சரக்கைச் சிறிய தோணிகளில் மாற்றித்தான் மறுபுறம் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் இலங்கையைச் சுற்றிப் போக வேண்டும். சரக்கு மாற்றும் இடத்தில் ஊர் எழும்பும். எதிர்க்கரையில் அப்படி எழும்பியது மாந்தை என்கிற மாதோட்டம். இந்தக் கரையில் வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளம், பிற்காலத்தில் பெரியபட்டினம், கீழக்கரை.

இந்தக் கரைக்கு இன்னொரு வசதி உண்டு, அது மீனவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கச்சான் காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடாவான ஆண்கடல் கொந்தளிக்கும், பாக் நீரிணைப் பக்கத்துப் பெண்கடல் அடங்கிக் கிடக்கும். வாடைக் காலத்தில் நிலைமை தலைகீழ். எந்தப் பருவத்திலும் ஒரு பக்கம் தோணி கட்ட இடம் கிடைக்கும்.

அப்புறம் சரக்கு. முத்தும் சங்கும் இந்தக் கடலின் தனிச்சொத்து. பௌத்தர் தூபிகளில் தாதுவோடு சேர்த்து வைக்கும் ஏழு மணிகளின் பட்டியலில் முத்தும் ஒன்று. திபெத்திய பௌத்தத்தின் எட்டு மங்கலச் சின்னங்களில் வெண்சங்கு ஒன்று. கீழக்கரைப் பக்கத்தில் சங்கு குளிப்பவர்கள் எடுக்கும் அதே இனத்துச் சங்குதான் இமயமலை மடங்களில் ஊதப்படுவதும். பௌத்தம் இங்கே வந்ததா என்று கேட்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்: இங்கிருந்து பௌத்த உலகத்துக்குப் பொருள் போய்க்கொண்டே இருந்தது.

எப்போது வந்தது

அசோகரின் 2ஆம், 13ஆம் பாறைக் கட்டளைகள் கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாம்பபண்ணி என்ற இலங்கை வரை மனிதருக்கும் கால்நடைக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததாக 2ஆம் கட்டளை சொல்கிறது. தர்மத்தால் வென்ற நாடுகளில் பாண்டியநாட்டையும் தாம்பபண்ணியையும் 13ஆம் கட்டளை சேர்க்கிறது. இதை வைத்து அன்றே பாண்டியநாடு பௌத்தமாகிவிட்டது என்று எழுதுபவர்கள் உண்டு. கட்டளை அப்படிச் சொல்லவில்லை. அசோகரின் தர்மம் பொது ஒழுக்கம் பற்றியது. தூதர்கள் வந்து போனார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அதே காலத்தில் அசோகரின் மகன் மகிந்த தேரர் இலங்கைக்குப் போய் அரசன் தேவானம்பிய தீசனைப் பௌத்தனாக்கினார், மகள் சங்கமித்தை வெள்ளரசுக் (போதிமரக்) கன்றோடு யாழ்ப்பாணக் கரையின் ஜம்புகோளத் துறையில் இறங்கினாள் என்பது இலங்கையின் பாலி வரலாற்று நூலான மகாவம்சம். மகிந்தர் வானத்தில் பறந்து போனதாக அந்த நூல் சொல்வதால் வழியில் எங்கே தங்கினார் என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. ஆனால் பாண்டியநாட்டில் மகேந்திரர் (அதாவது மகிந்தர்) கட்டிய பழைய விகாரை ஒன்று பாழடைந்து கிடக்கிறது என்று 7ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி யுவான் சுவாங் எழுதினார். இந்த வழியாகத்தான் போனார் என்ற நம்பிக்கையாவது இங்கே இருந்திருக்கிறது.

சான்று எந்தப் பக்கம் இருக்கிறது

அழகன்குளத்தில் தமிழகத் தொல்லியல் துறை 1986–87 முதல் பல கட்டமாக அகழ்ந்தது. ரோமானியக் காசுகள், மதுச்சாடித் துண்டுகள், உள்பக்கம் உருளையால் புள்ளிக்கோலம் போட்ட தட்டுகள், தமிழ்-பிராமி எழுத்துள்ள ஓடுகள், கப்பல் கீறிய ஓடு ஒன்று என்று நிறையக் கிடைத்தன. கங்கைச் சமவெளிக்குரிய கறுப்பு மெருகுப் பானை ஓடுகளும் அவற்றில் உண்டு. புத்தர் காலத்து வட இந்திய நகரங்களில் புழங்கிய வகை அது. வடக்கோடு தொடர்பு இருந்தது என்று இதை வைத்துச் சொல்லலாம். பானையை வைத்துச் சமயத்தைச் சொல்ல முடியாது.

சமயத்தைச் சொல்லும் சான்று எதிர்க்கரையில் இருக்கிறது. இரண்டே இரண்டைப் பார்த்தால் போதும்.

1. வவுனியாப் பக்கத்துப் பெரிய புளியங்குளத்தில் ஒரு குகைக் கல்வெட்டு. பிராகிருத மொழி, பிராமி எழுத்து. தமேட வணிகனும் இல்லறத்தானுமான விசாகன் இந்தக் குகையைச் சங்கத்துக்குக் கொடுத்தான் என்பது செய்தி. தமேட என்றால் தமிழன்.
2. அனுராதபுரத்தில் அபயகிரி விகாரைக்குப் பக்கத்தில் தமிழ் இல்லறத்தாருக்காக ஒரு தமிழன் கட்டிய மண்டப மேடை. யார் எங்கே உட்கார வேண்டும் என்று கல்லிலேயே பேர் வெட்டியிருக்கிறது. அதில் ஓர் இருக்கை காரவன் என்ற நாவிகனுக்கு, அதாவது கப்பல்காரனுக்கு.

இரண்டும் கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. தமிழன் என்று தன்னை அடையாளம் சொல்லிக்கொண்டே ஒருவன் பௌத்தச் சங்கத்துக்குக் குகை கொடுக்கிறான். அதில் அவனுக்கு முரண்பாடு எதுவும் தெரியவில்லை. இதற்குப் பிறகும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று வாதாடுவது வீண்.

இந்தப் பக்கத்தில் ஏன் இப்படிக் கல்வெட்டு இல்லை? ஒரு காரணம் நிலம். கரையோர ராமநாதபுரத்தில் குகை வெட்டப் பாறை மலை இல்லை. கட்டடம் என்றால் செங்கல்லும் மரமும் கடற்பாறையும்தான். மணலும் புயலும் மேலே ஏறும், செங்கல்லை ஊரார் பெயர்த்துக்கொள்வார்கள். மதுரையைச் சுற்றிய குகைக் கல்வெட்டுகளை முன்பு சிலர் பௌத்தம் என்றார்கள். இன்று அவை பெரும்பாலும் சமணருடையவை என்பது ஏறக்குறைய முடிந்துபோன விஷயம்.

மணிபல்லவம்

இலக்கியத்தில் கதை இன்னும் தெளிவு. பெரும்பாலான ஆய்வாளர்கள் 5, 6ஆம் நூற்றாண்டுகளில் வைக்கும் மணிமேகலையில் கதையின் திருப்பம் நடப்பது நடுக்கடல் தீவில். மணிமேகலா தெய்வம் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய் மணிபல்லவத்தில் விடுகிறது. அங்கே புத்தபீடிகை. அதற்காகச் சண்டையிட்ட இரண்டு நாக அரசர்களைப் புத்தர் சமாதானப்படுத்தினார் என்று காப்பியம் சொல்கிறது. அவளுக்கு அமுதசுரபி கிடைப்பதும் அங்கேதான்: ஆண்டுக்கொரு முறை வைகாசி விசாகத்தில் கோமுகிப் பொய்கையிலிருந்து மேலே வரும் பாத்திரம்.

இதே நாகர் சண்டை மகாவம்சத்தில் நாகதீபம் என்ற பேரில் வருகிறது. மகோதரன், சூளோதரன் என்று மாமனும் மருமகனும் மணியாசனத்துக்காக மோதுகிறார்கள், புத்தர் வந்து தீர்த்து வைக்கிறார். மணிபல்லவத்தை யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள நயினாதீவு என்று பலர் கொள்கிறார்கள். அங்கே இன்று நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் ஒரே தீவில் இருக்கின்றன. தமிழில் ஒரு காப்பியம், பாலியில் ஒரு வரலாற்று நூல், இரண்டும் பாக் நீரிணையின் ஒரே கதையைச் சொல்கின்றன. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று சண்டை போடுவதைவிட, அந்தக் கதை கப்பலில் இரண்டு பக்கமும் போய் வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம்.

தேய்ந்த விதம்

640 வாக்கில் யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார். இலங்கைக்குப் போக நினைத்தவரை, பஞ்சத்துக்கும் கலகத்துக்கும் தப்பி அங்கிருந்து வந்திருந்த பிக்குகள் தடுத்துவிட்டார்கள். பாண்டியநாடு பற்றி அவர் எழுதி வைத்தது சுருக்கமானது, கொஞ்சம் காரமானது: பழைய விகாரைகள் பல, பெரும்பாலும் இடிபாடு, பிக்குகள் சிலரே, இந்துத் தெய்வங்களின் கோயில்கள் நூற்றுக்கணக்கில், சமணர் மிக அதிகம். கடல் முத்து வந்து குவியும் நாடு, மக்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை, வியாபார லாபம்தான் குறி. ஆக பக்தி இயக்கம் உச்சத்துக்குப் போகும் முன்பே இங்கே பௌத்தம் மெலிந்துவிட்டது. பக்தி இயக்கம்தான் அழித்தது என்று மொத்தப் பழியையும் அதன் தலையில் வைப்பவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பக்தி இயக்கத்தின் பங்கு சிறியதும் இல்லை. திருஞானசம்பந்தரின் பதிகங்களில் பத்தாம் பாட்டு வழக்கமாகவே சமணரையும் சாக்கியரையும் சாடும். ராமேஸ்வரம் அவர் பாடிய தலம். உத்தரகோசமங்கைக்கு அரசே என்று உருகிய மாணிக்கவாசகர், இலங்கையிலிருந்து வந்த பௌத்தர்களை தில்லையில் வாதில் வென்று ஊமையாக்கினார், அவர்களோடு வந்த அரசனின் ஊமை மகளைப் பேச வைத்தார் என்பது புராணம். வாதம் நடந்ததோ இல்லையோ, புராணம் எழுதியவர் மனதில் பௌத்தன் என்றால் இலங்கையிலிருந்து வருபவன் என்ற படம் பதிந்துவிட்டது. விசாகன் காலத்தில் இந்தப் படம் கிடையாது.

மூன்றாவது காரணம், பலரும் பேசாதது, துறையில் ஆள் மாறியது. 13ஆம் நூற்றாண்டில் பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் சோனகர் (முஸ்லிம் வணிகர்) பள்ளிவாசலுக்கு வரியில்லா நிலம் கொடுத்ததைத் திருப்புல்லாணிக் கல்வெட்டு சொல்கிறது. அந்தப் பட்டினம் இன்றைய பெரியபட்டினம் என்பது ஆய்வாளர் கருத்து; 1980களில் நடந்த அகழாய்வில் அங்கே சீனப் பீங்கான் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. பெருமாள் கோயில் சுவரில் பள்ளிவாசல் தானம்! கடல் வணிகத்தை நடத்தியவர்கள் இப்போது முஸ்லிம்கள், அவர்களுடைய தொழுகையிடத்துக்குப் பாண்டியன் ஆதரவு. முன்பு விகாரை இருந்த இடத்தில் இப்போது பள்ளிவாசல். கட்டட இடத்தைச் சொல்லவில்லை, வணிகத்தில் அது வகித்த இடத்தைச் சொல்கிறேன்.

நாகப்பட்டினத்தில் மட்டும் ஏன் நீடித்தது? அங்கே வேறு காசு. ஸ்ரீவிஜய அரசன் கட்டிய சூடாமணி விகாரைக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். சுமத்திராவும் சீனாவும் போகும் கப்பல்கள் இருக்கும்வரை அதற்கு உயிர் இருந்தது. அதன் செங்கல் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது.

பிளவு எப்போது

தமிழர், பௌத்தர் என்று எதிரெதிரே நிறுத்தும் பேச்சு எங்கிருந்து வந்தது? 12, 13ஆம் நூற்றாண்டுகளைக் கவனிக்க வேண்டும்.

1. 1169 வாக்கில் மதுரை அரியணைக்குப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் மோதினர். பராக்கிரமன் இலங்கை அரசன் முதலாம் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். உதவி வருவதற்குள் அவன் கொல்லப்பட்டான். ஆனாலும் தளபதி லங்காபுரன் படையோடு இறங்கினான், ராமேஸ்வரத்தைப் பிடித்தான். பாம்பன் தீவின் குந்துகாலில் கோட்டை கட்டிப் பராக்கிரமபுரம் என்று பேர் வைத்ததாக மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம் சொல்கிறது. 1897இல் விவேகானந்தர் வந்து இறங்கியதும் அதே குந்துகால்தான்.
2. சோழர் பக்கத்து ஆர்ப்பாக்கம் கல்வெட்டு, இலங்கைப் படை ராமேஸ்வரம் கோயில் வழிபாட்டை நிறுத்தியது என்று குற்றம் சாட்டுகிறது. பிடிபட்ட தமிழ்க் கைதிகளை வைத்து அனுராதபுரத்துப் பெருந்தூபியைச் செப்பனிட்டதாகச் சூளவம்சம் பெருமை பேசுகிறது. கடைசியில் சோழர் படை வென்று, இலங்கைத் தளபதிகளின் தலையை மதுரைக் கோட்டை வாசலில் அறைந்தது.
3. 1187 முதல் 1196 வரை இலங்கையை ஆண்ட நிசங்கமல்லன் சுவாரஸ்யமான ஆள். ராமேஸ்வரத்தில் நிசங்கேஸ்வரம் என்று சிவன் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டில் சொல்லிக்கொள்கிறான். பௌத்தரல்லாத சோழ, கேரள இளவரசர்களை இலங்கை அரியணையில் ஏற்றக் கூடாது என்று கல்லில் வெட்டியவனும் அவனே. கும்பிடுவதில் பேதம் பார்க்காதவன் ஆட்சி என்று வந்ததும் கோடு போடுகிறான்.
4. 1215இல் கலிங்க மாகன் இலங்கை மீது படையெடுத்து விகாரைகளைச் சூறையாடினான். அவன் படையில் தமிழரும் கேரளரும் இருந்தார்கள்.
5. 1284 வாக்கில் பாண்டியன் மாறவர்மன் குலசேகரனின் தளபதி ஆரியச்சக்கரவர்த்தி அன்றைய இலங்கைத் தலைநகர் யாப்பகூவாவைத் தாக்கிப் புத்தரின் பல் தாதுவையே எடுத்து வந்தான். ஆரியச்சக்கரவர்த்தி என்பது ராமநாதபுரம் பக்கத்துச் செவ்விருக்கை நாட்டோடு சேர்த்துப் பாண்டியர் கல்வெட்டுகளில் வருகிற பட்டம். இலங்கை அரசன் மூன்றாம் பராக்கிரமபாகு நேரில் மதுரைக்கு வந்து பேசித்தான் அதை மீட்டுப் போனான்.

பல் தாது யாரிடம் இருக்கிறதோ அவனுக்கே இலங்கை ஆட்சியுரிமை என்பது அன்றைய நம்பிக்கை. ஆகவே அது வெறும் கொள்ளை இல்லை. சமயச் சின்னம் அரசுச் சின்னமாக மாறிவிட்டால் அதற்காக நடக்கும் சண்டை இனச்சண்டையாகத் தோன்ற அதிக நாள் ஆகாது.

ஆனாலும் கதவு முழுசாக அடைபடவில்லை. பொலன்னறுவையில் பல் தாதுக் கோயிலைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர்கள் வேளைக்காரர் என்ற படையினர்; அந்தக் கல்வெட்டு தமிழில் இருக்கிறது. திருகோணமலைப் பக்கத்து வெல்கம் விகாரைக்குச் சோழர் காலத்தில் ராஜராஜப் பெரும்பள்ளி என்று பேர். அங்கே தமிழில் தானக் கல்வெட்டுகள். மாகனின் அழிவுக்குப் பிறகு சங்கத்தைச் சீர்ப்படுத்த இரண்டாம் பராக்கிரமபாகு பிக்குகளை வரவழைத்தது சோழநாட்டிலிருந்து. வட இலங்கையில் பழைய தூபி ஒன்று தென்பட்டால், அதைக் கட்டியவன் சிங்களவனாகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கும், தமிழர் நிலத்தில் அது இருக்கவே முடியாது என்ற முடிவுக்கும் இந்தக் கல்வெட்டுகள் இடம் கொடுக்கவில்லை.

இங்கே பௌத்தம் எவ்வளவு மறந்துபோனது என்பதற்கு ஒரு தகவல். 1898இல் உ.வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்தபோது அதன் பௌத்தக் கருத்துகளை விளக்கத் தமிழ்ப் பௌத்தர் யாரும் கிடைக்கவில்லை. ரங்காசாரியார் என்ற கல்லூரி ஆசிரியர் ஆங்கில நூல்களைப் படித்துச் சொல்ல, அதை வைத்து எழுதினார். அதே ஆண்டு அயோத்திதாசர் கொழும்புக்குப் போய்ப் பௌத்தம் தழுவித் திரும்பினார். மறுபடியும் அது வந்தது கடல் வழிதான்.

சிலை கிடைத்தால் எப்படி அடையாளம் காண்பது

கிணறு வெட்டும்போதோ கண்மாய் தூர்வாரும்போதோ உட்கார்ந்த நிலையில் ஒரு கற்சிலை வந்தால், முனி என்பார் ஒருவர், புத்தர் என்பார் ஒருவர், சமணர் சிலை என்பார் மூன்றாமவர். சேலம் மாவட்டம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாகக் கும்பிட்ட சிலை புத்தர்தான் என்று 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் முடிவு செய்து தொல்லியல் துறையிடம் ஒப்படைக்கச் சொன்னது. பார்க்க வேண்டியவை இவை:

1. துணி. புத்தருக்கு இடது தோளிலிருந்து மார்பின் குறுக்கே இறங்கும் ஆடையின் கோடு தெரியும். கணுக்காலிலும் ஓரம் தெரியும். தமிழகத்துத் தீர்த்தங்கரருக்கு (சமணர் வணங்கும் அருகர்) ஆடை இல்லை. தேய்ந்த சிலையில் இந்தக் கோட்டை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.
2. குடை. தலைக்கு மேல் மூன்றடுக்குக் குடை என்றால் தீர்த்தங்கரர்.
3. உச்சி. சுருள்முடிக்கு மேல் மேடோ தீச்சுடரோ இருந்தால் பெரும்பாலும் புத்தர். சுருள்முடி மட்டும் போதாது, அது தீர்த்தங்கரருக்கும் உண்டு.
4. பாம்பு. படமெடுத்த பாம்பு தலைக்கு மேல் இருந்தால் பார்சுவநாதராக இருக்கலாம், முசலிந்த நாகத்தின் காப்பில் இருக்கும் புத்தராகவும் இருக்கலாம். மறுபடி துணியைப் பார்க்க வேண்டும்.
5. கை. மடியில் இரண்டு கையையும் வைத்த தியான நிலை இருவருக்கும் பொது. வலது கை நிலத்தைத் தொட்டால் புத்தர்.

கிடைத்த சிலைக்கு எண்ணெய் தடவுவதும் பெயின்ட் அடிப்பதும் மேலே சொன்ன ஆடைக் கோட்டைத்தான் முதலில் அழிக்கும். மண்ணைக்கூடச் சுரண்ட வேண்டாம். சிலை கிடந்த ஆழம், கூடக் கிடந்த செங்கல், பானை ஓடுகள் எல்லாம் சேர்ந்துதான் காலத்தைச் சொல்லும். சிலையை மட்டும் பெயர்த்து வந்தால் பாதிச் சான்று போய்விடும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதைபொருள் கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னால் தாசில்தார் வழியாகத் தகவல் போகும். கிடந்த நிலையிலேயே நாலு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டு போய்ச் சொல்வது நல்லது.